மாப்பிள்ளை கொடுத்த சிவப்பு வண்டி

சாவியைத் திருப்பறேன். பெட்ரோல் பம்ப் சத்தம் வரலை. மறுக்கா திருப்பறேன், வைப்பர் ஓடுது. சித்திரை வெயில், பொள்ளாச்சி ரோடு காய்ஞ்சு கெடக்குது, இந்த எளவெடுத்த வண்டிக்கு மட்டும் மழை பெய்யுதாமா, காஞ்ச கண்ணாடியைக் கர்ர் கர்ர்னு சொறிஞ்சிட்டு இருக்குது. வைப்பரை நிறுத்தலாம்னு பொத்தானை அமுக்குனா முன்னாடி வலப்பக்கத்து லைட்டு மூடியைத் திறந்துட்டு எந்திரிச்சு நிக்குது. இடப்பக்கம் எந்திரிக்கலை. ஒத்தைக் கண்ணைத் தொறந்துட்டு ரோட்டைப் பாக்குது, போற பஸ்ஸுக்காரனெல்லாம் எட்டிப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான். பக்கத்து சீட்டுல இருந்து, "என்ன மச்சான், மறுக்கா போச்சா?"ங்குது ஒரு குரல். கேள்வியைப் பாரு. போச்சாவா? நீ குடுத்தப்பவே போனதுதானேடா. வாய் வரைக்கும் வந்துச்சு. "ஒண்ணுமில்லீங் மாப்பிள்ளை, ரிலேயா இருக்கும், பாத்துர்றேன்"ன்னு சொல்றேன். இப்படித்தான். உள்ள ஒருத்தன் கொதிச்சுட்டு இருக்கறான், வாயில வர்றது மட்டும் ஆமாங் மாப்பிள்ளை, சரிங் மாப்பிள்ளை. என்ற தங்கச்சி கோகிலவாணியைக் கட்டுனவன். பேரு கிரிதரன், மெட்ராஸ்ல எடம் வாங்கி விக்கற பெரிய ஆளு, என்னைவிட வயசுல சின்னவன். சின்னவனா இருந்தா என்ன, தங்கச்சி வீட்டுக்காரன், வாங்க போங்கன்னுதான் கூப்பிடோணும், அவன் உக்காந்தப்பறம்தான் நாம உக்காரோணும். "ஏசி இல்லாம முடியல மச்சான், நான் பேக்கரிப் பக்கம் நெழல்ல நிக்கறேன்"னு எறங்கறான். எறங்கிக் கதவை டொப்புனு சாத்தறான். மெதுவாச் சாத்துங்க, கீல் போயிருக்குதுன்னு எத்தனை வாட்டி சொல்லியாச்சு. அவனுக்கென்ன, வித்துட்டுப் போனவன்.

பானட்டைத் தூக்கி முட்டுக் குடுக்கறேன். மூஞ்சியில அனல் அடிக்குது. ரிலேப் பெட்டி மூடியைக் கழட்டிக் கீழ வெக்கறேன். பம்புக்குக் கரண்ட்டு விடற ரிலேயும் ஹாரனுக்கு விடற ரிலேயும் ஒரே மாதிரிதான், ஒண்ணைப் புடுங்கி ஒண்ணுல சொருகிப் பாக்கோணும், ஹாரன் இல்லாம வண்டி போகும், பெட்ரோல் இல்லாமப் போகாது. இதையெல்லாம் எனக்கு ஆரும் சொல்லிக் குடுக்கலை, இந்த வண்டிதான் சொல்லிக் குடுத்துச்சு, நடு ரோட்டுல நிறுத்தி நிறுத்தி. காந்திபுரம் சிக்னல்ல ஒருக்கா, கல்யாண மண்டபத்து வாசல்ல பொண்ணு மாப்பிள்ளை கார் வர்ற நேரம் பாத்து ஒருக்கா, அத்தனை சனமும் வேடிக்கை பாத்துச்சு. கை பாட்டுக்கு வேலை செய்யுது, காது பேக்கரிப் பக்கம் போகுது. பாலக்காட்டுக் காத்து அடிக்கற அடியில வண்டியை வாங்கப் போற ஆளுகிட்ட அவன் போன்ல பேசறது அத்தனையும் இங்க வருது. "இல்லீங் டாக்டர், நாங்க வர்றதுக்குப் பதிலா நீங்களே இங்க வந்துருங்க, கிணத்துக்கடவுக்கு முன்னாடி ஒரு பேக்கரி இருக்குதுங்க. சேச்சே, வண்டி அருமையான வண்டி. நம்ம மச்சானுக்கு இந்த மாதிரி வண்டி வெச்சுப் பழக்கமில்லீங்க. நான் குடுக்கறப்ப முத்தாட்ட இருந்துச்சு." முத்தாட்ட. ரிலே கையில இருந்து நழுவி இஞ்சின் சந்துக்குள்ள போயிருச்சு. முத்தாட்டவாம். எனக்குப் பழக்கமில்லையாம். இந்த ஸ்பேனரை எடுத்துட்டுப் போய் அந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டா என்னன்னு இருக்குது. கிளாஸை மட்டும் இல்ல. குனிஞ்சு, சந்துக்குள்ள கையை விட்டு, புறங்கை சுட்டுப் போக, ரிலேயை எடுக்கறேன். சுட்டதுகூட நல்லாத்தான் இருக்குது, கத்தறதுக்கு ஒரு சாக்கு. கத்தலை. வாயில கையை வெச்சு உறிஞ்சிக்கறேன்.

என்ற தொழில் என்னன்னு தெரியுமா இந்தாளுக்கு? மோட்டார் காயில் கட்டறவன் நான். காந்திபுரத்துக்கு அந்தக்கட்ட கணபதியில பட்டறை வெச்சிருக்கறேன். கெணத்துக்குள்ள முழுகுன மோட்டார், போர்ல சேறு குடிச்ச மோட்டார், எல்லாம் என்கிட்டத்தான் வருது. தண்ணி செம்பை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாம ஆருக்குத் தெரியும்? பழைய மோட்டார் ஒண்ணு விலைக்கு வந்தா, கொண்டாந்தவன் சாமியே ஆனாலும், மூடியைக் கழட்டி மூக்கை வெச்சு மோந்து பாக்காம வாங்க மாட்டேன். ஆனா இந்த வண்டியை? மெட்ராஸுக்குப் போனேன், கோகிலா சாப்பாடு போட்டா, கோழிக்குழம்பு, அந்தாளு சாவியைக் கொண்டாந்து தட்டத்துல வெச்சு, "உங்களுக்குத்தான் மச்சான், வெளிய கேட்டாங்க, நான்தான் குடுக்கலை"ன்னான். ரெண்டு சீட்டு, ரெண்டு கதவு, சிவப்பு, ஜப்பான்காரன் செஞ்சது, ஆரோ துபாய்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தது. நான் பையனா இருந்தப்ப செட்டிபாளையத்துல கார் ரேஸ் நடந்தா சைக்கிளை மிதிச்சுட்டுப் போய் வேலி ஓரமா நாள் முழுக்க நிக்கறவன், அது அவனுக்குத் தெரியும், எப்பவோ கோகிலா சொல்லியிருக்கறா. வண்டியைப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு எனக்கு. பானட்டைத் திறந்தேன், இஞ்சின் பளபளன்னு இருந்துச்சு. அத்தனை பளபளப்பு எதுக்குன்னு அப்பவே ஒரு நெனப்பு வந்துச்சு, வந்துச்சா இல்லையா, வந்துச்சு. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாக்கலாம்னு கை போச்சு. பின்னாடி அவன் நிக்கறான். வாசல்ல கோகிலா நிக்கறா. மாப்பிள்ளை குடுக்கற வண்டியைக் குனிஞ்சு நிமிந்து சோதிச்சா என்ன அர்த்தம்? உன்மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயிருந்தா ஊரே சொல்லியிருக்கும், தங்கச்சியைக் குடுத்தவனுக்கு மரியாதை தெரியலைன்னு. கையை எடுத்துட்டேன். கார்ப்பெட்டுல இருந்து கையை எடுத்து, கேட்ட பணத்தை எண்ணிக் குடுத்துட்டு, அவன் கையைப் புடிச்சுக் குலுக்குனேன். த்தூ.

ஹாரன் ரிலேயைச் சொருகறேன். சாவியைத் திருப்பப் போறேன், பேக்கரியில இருந்து, "டீ ஆறிப் போகுது மச்சான்"னு சத்தம். "வர்றேனுங் மாப்பிள்ளை." நீ குடி. நல்லாக் குடி, தேங்காய் பன்னும் சேத்துத் தின்னு. சாவி திரும்புது, பம்ப் கம்முனு இருக்குது. அப்ப ரிலே இல்ல. ஒயர்தான். ஒயர்தான்னு எனக்குத் தெரியும், எப்பவும் ஒயர்தான், இருந்தாலும் ஒவ்வொருக்காவும் ரிலேயா இருக்கக் கூடாதான்னு ஒரு நப்பாசை. ஓட்டற சீட்டுக்கடியில கைவிட்டு இணைப்பைத் தேடறேன். வாங்கிக் கொஞ்ச மாசம் கழிச்சு சீட்டுல கிறீச் கிறீச்சுனு சத்தம் வருதுன்னு ஒரு ஞாயித்துக்கெழமை சீட்டையே கழட்டுனேன். கார்ப்பெட்டைத் தூக்குனேன். அடியில இருந்த பஞ்சு கல்லாட்ட இறுகிக் கெடந்துச்சு. உதறுனா மாவாட்ட வண்டல் கொட்டுது, ஆத்து வண்டல், நம்ம பக்கத்துச் செம்மண் இல்ல. அதுக்குள்ள ஒரு நத்தைக்கூடு. கார்ல நத்தைக்கு என்ன சோலி? கதவு அட்டையைக் கழட்டுனேன், உள்பக்கத் தகரத்துல ஒரு கோடு, நேரா, சுவத்துக்குச் சுண்ணாம்படிச்ச கணக்கா, அதுக்குக் கீழ எல்லாம் துரு. ஸ்டியரிங் உயரத்துக்குக் கோடு. மெட்ராஸ்ல வெள்ளம் வந்து, டிவியில படகு விட்டதைக் காட்டுனாங்களே, அப்ப இந்த வண்டி அதுக்குள்ள நின்னிருக்குது. ஒயர் தோலைச் சீவிப் பாத்தேன், உள்ள செம்பு பச்சையாப் பூத்திருச்சு. பச்சை பூத்த ஒயரைத் தேய்ச்சா இன்னைக்கு ஓடும், நாளைக்கு இன்னொரு எடத்துல பூக்கும். முழுசாப் புடுங்கி வேற போட்டாத்தான் உண்டு, இந்த வண்டிக்கு அந்த ஒயர்க்கட்டு எங்க கெடைக்கும். பட்டறை வாசல்ல அந்தச் சீட்டு மேலயே உக்காந்துட்டேன். ஏமாத்திட்டான். சொந்த மச்சானை. சாப்பாடு போட்டு, குழம்பு ஊத்தி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்கன்னு சொல்லிச் சொல்லி ஏமாத்தியிருக்கறான்.

அன்னைக்கே போனை எடுத்தேன். எடுத்து அவன் பேரைத் தேடி, அமுக்காம வெச்சுட்டேன். என்னன்னு கேக்கறது? ஏனுங் மாப்பிள்ளை, வண்டி தண்ணியில நின்னுதுங்களா? இல்ல, அது நேராக் குத்தற மாதிரி இருக்குது. வண்டிக்குள்ள கொஞ்சம் மண்ணு இருந்துச்சு, எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? இது என்ன, போலீஸ் ஸ்டேசனா. சும்மா சிரிச்சுட்டே, என்ன மாப்பிள்ளை, வண்டியில நத்தையெல்லாம் வளத்துனீங்களான்னு லொள்ளாக் கேக்கலாமா? கேக்கலாம். ரெண்டு வருசமா எத்தனை தினுசுல கேட்டுப் பாத்திருக்கறேன், குளிக்கறப்ப, பட்டறையில காயில் சுத்தறப்ப, வண்டி நின்னுபோன ஒவ்வொரு ரோட்டோரத்துலயும். ஒருக்கா கண்ணாடியைப் பாத்துக் கேட்டேன், என்ற வீட்டுக்காரி எட்டிப் பாத்து, "கேக்கற ஆளுகிட்டப் போய்க் கேளுங்க"ன்னுட்டுப் போனா. எப்படிக் கேக்கறது? எங்களைப் பெத்த அய்யன் கேட்டாரு. கல்யாணத்துக்குச் சீராக் குடுத்த எடத்தை இவன் ஒரு வார்த்தை சொல்லாம வித்துட்டான், எங்க அய்யன் விருந்துக்கு வந்தவன்கிட்ட, "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை"ன்னு மெதுவா, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு எழுத்து இல்ல, கேட்டாரு. பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டான். கோகிலாவைக் கூட்டிட்டுப் போனவன் பொறவு தீவாளிக்கு அனுப்பலை, பொங்கலுக்கு அனுப்பலை, ஊர் நோம்பிக்கு அனுப்பலை. எங்க அய்யன் செத்ததுக்குத்தான் வந்தா. வந்தவ ஒறம்பரைச் சனக் கூட்டத்தோட கூட்டமா நின்னா, அவ அழுது முடிக்கறதுக்குள்ள இவன் கார்ல இருந்து ஹாரன் அடிச்சான். அந்த ஹாரன் சத்தம் எனக்கு இன்னும் காதுக்குள்ள இருக்குது. நான் ஒண்ணு கேட்டா, ஒண்ணு அவளை அனுப்பாம வெச்சுக்குவான், இல்லாட்டி ஒரேயடியா அனுப்பிச்சு விட்டுருவான். ரெண்டுல எதுவானாலும் பாதிக்கப்படறது அவதானே. அதனாலதான் கம்முனு இருக்கறேன். நான் கோழை இல்ல. கரண்ட்டு ஓடற மோட்டாருக்குள்ள கைவிடறவன் நான்.

ஆனா வால்பாறை மலையில ஒருக்கா. அதை நெனைக்கக் கூடாதுன்னுதான் இருக்கறேன், சீட்டுக்கடியில கைவிட்டாலே அது வந்துருது. என்ற பொண்ணு ஆசைப்பட்டான்னு கூட்டிட்டுப் போய்ட்டு, பொழுது சாயறப்ப மலை எறங்கறோம், வளைவுல திரும்பறேன், லைட்டு ரெண்டும் பொக்குனு அணைஞ்சு மூடிக்கிச்சு. முன்னாடி ஒண்ணுந் தெரியலை. ஸ்டியரிங் கையில இருக்குது, ரோடு எங்க இருக்குதுன்னு தெரியலை. புள்ளை "அப்பா"ன்னா, கத்தக்கூட இல்ல, மெதுவா. பிரேக்கை மிதிச்சு நிறுத்திட்டு எறங்கிப் பாத்தா முன் சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கறதுக்குத்தான் எடம் இருக்குது. புள்ளையை எறக்கி அக்கட்ட கல்லு மேல உக்கார வெச்சேன். அப்பவும் ஆரைத் திட்டுனேன்? வண்டியைத் திட்டுனேன். சனியன், பீடைன்னு தகரத்தைத் திட்டுனேன். அவனைத் திட்டலை, புள்ளை பக்கத்துல இருக்கறாளேன்னு. அன்னைக்குத்தான் இது வீட்டுல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுனேன், பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். எப்படியோ அவன் காதுக்குப் போயிருச்சு. "அய்யய்யோ, பழைய இரும்புக்கா? நானே வித்துக் குடுக்கறேன் மச்சான், நம்மகிட்ட ஆள் இருக்குது"ன்னு கெளம்பி வந்துட்டான். பெரிய ஒத்தாசை. வந்ததுல இருந்து அது சரியில்ல இது சரியில்ல, பாலிஷ் போடலையா, டயர்ல கருப்பு அடிக்கலையான்னு ஆயிரம் நொட்டை. நானும் போட்டேன். எனக்குக் கை எதுக்கு இருக்குது, கேக்க முடியாது, பாலிஷ் போட முடியும்.

கிடைச்சிருச்சு. சீட்டுக்கடியில இணைப்புல ஒரு ஒயர் நுனி பச்சையா மாவு பூத்து, தொட்டா உதுருது. உப்புத்தாள்ல தேய்ச்சு, நுனியை நறுக்கி, புதுசா முறுக்கி டேப் சுத்தறேன். சாவியைத் திருப்பறேன், பின்னாடி ம்ம்ம்னு பம்ப் ஓடுது. வைப்பர் நிக்குது. ஒத்தைக் கண்ணும் மூடிக்குது. இஞ்சின் ஒரே உதையில புடிச்சு, என்ன சத்தம் தெரியுமா அது, வயித்துக்குள்ள எறங்கற சத்தம். இந்தச் சத்தத்துக்குத்தான் மயங்குனேன், இன்னும் மயங்கறேன், அதுலயும் கோவம்தான் வருது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுப் பாக்கறேன், எத்தனை சுகமா ஏறுது. இன்னைக்குப் பூரா ஓடும். நாளைக்கும் ஓடும். வர்ற ஆளு ஓட்டிப் பாக்கற வரைக்கும் கண்டிப்பா ஓடும். வித்துட்டா என்ன? நான் ஏமாந்தேன், இன்னொருத்தன் ஏமாறட்டும், உலகத்துல எல்லா வண்டியும் இப்படித்தான் கை மாறுது, நான் என்ன காந்தியா. இந்த நெனப்பு வர்றப்ப ஒரு ஸ்கூட்டர் வந்து பேக்கரி ஓரமா நிக்குது. ஹெல்மெட்டைக் கழட்டுனா ஒரு புள்ளை. முப்பது வயசுகூட இருக்காது. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸு, சேத்துக் கறையோட. மாட்டு டாக்டராமா, எங்கியோ கன்னு போடற மாட்டைப் பாத்துட்டு நேரா வந்திருக்குது. "கை கழுவிட்டுத் தொடறேனுங்ணா, வாசம் அடிக்கும்"ங்குது என்கிட்ட. தொட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி கை கழுவுது பாரு. பேக்கரிக் குழாய்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து, பானட்டைத் தடவுது, கண்ணு மினுங்குது. எனக்குத் தெரியும் அந்தக் கண்ணு. தட்டத்துல சாவியைப் பாத்தப்ப என்ற மூஞ்சியும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"உள்ளயெல்லாம் பாத்துக்கறீங்களா அம்மிணி, கார்ப்பெட்டு, கதவு?"ன்னு நான் கேக்கறேன். வேற எப்படிச் சொல்றது, இதுக்கு மேல எப்படிச் சொல்றது. அது நாக்கைக் கடிக்குது. "அய்யோ, வேண்டாங்ணா. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போலாம்னு எங்க பெரியப்பாகிட்டச் சொன்னேன், அவரு திட்டிட்டாருங்க. கிரிதரன் நம்ம ஆளு, அவருகிட்ட மெக்கானிக்கோட போய் நின்னா நல்லாவா இருக்கும்னாருங்." நம்ம ஆளு. நல்லாவா இருக்கும். அதுக்குள்ள அந்த நம்ம ஆளு டீ கிளாஸோட வந்துட்டான். "பாத்தீங்களா டாக்டர், சத்தத்தைக் கேளுங்க. குடும்பத்துக்குள்ளயே இருந்த வண்டிங்க. என்கிட்ட இருந்த வரைக்கும் மழையில எடுத்ததே இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. இல்லீங்களா மச்சான்?" இல்லீங்களா மச்சானா. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடறான். ரெண்டு பேரும் என்னைப் பாக்கறாங்க, அந்தப் புள்ளை சிரிச்ச மூஞ்சியா, அவன் புருவத்தைத் தூக்கிட்டு. அந்தப் புருவத்துல எல்லாம் எழுதி இருக்குது, உன் தங்கச்சி என் வீட்டுல இருக்கறான்னு எழுதி இருக்குது. ஆமாங்கற வார்த்தை வாய்க்குள்ள வந்து நிக்குது, ரெண்டு வருசமாப் பழகுன வார்த்தை, தானா வருது. பல்லைக் கடிச்சுப் புடிச்சிருக்கறேன். பாக்கெட்டுல போன் அடிக்குது. கோகிலா. "ஒரு நிமிசமுங்க, பட்டறையில இருந்து"ன்னு பொய் சொல்லிட்டு, ரோட்டுக்கு அந்தக்கட்ட இருக்கற புளியமரத்தடிக்குப் போறேன். பொய் சொல்றதுக்கு மட்டும் வாய் எப்படி வருது பாரு.

"வித்தாச்சுங்களாண்ணா?" அவ குரல் எப்பவும் போல, சமையக்கட்டுல இருந்து பேசற குரல், பின்னாடி மிக்ஸி ஓடுது. "இன்னுமில்ல கண்ணு, வந்திருக்கறாங்க, பாத்துட்டு இருக்கறாங்க." "ஆருங்ணா?" "ஒரு பொண்ணு. மாட்டு டாக்டர். சின்னப் புள்ளை." மிக்ஸி நிக்குது. "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்திருக்குதுங்களா?" இவ எதுக்கு இதைக் கேக்கறா? கார் பத்தி இவளுக்கு என்ன. "இல்ல. ஏங்கண்ணு?" சமையக்கட்டுக் கதவைச் சாத்தற சத்தம். பொறவு, "அண்ணா, அந்தச் சீட்டை எப்பவாச்சும் கழட்டிப் பாத்தீங்களா?"ங்கறா. "பாத்தேன்." "எப்போ?" "வாங்குன அந்த வருசமே." "அப்ப அப்பவே தெரியுமுங்களா?" "தெரியும்." "தெரிஞ்சுமா கேக்கலை?" உன்னை நெனச்சுத்தான் கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்னு இழுக்கறேன். அவ சிரிக்கறா. சிரிப்பாட்டத்தான் இருக்குது, சிரிப்பு இல்ல. "அதைக் கழுவுனதே நான்தாங்ணா. தண்ணி வடிஞ்சப்பறம் பக்கெட்டு பக்கெட்டா ஊத்திக் கழுவுனேன், பல் தேய்க்கற பிரஸ்ஸை வெச்சுச் சந்து பொந்தெல்லாம் தேய்ச்சேன். சீட்டுக்கடியில மட்டும் விட்டுட்டேன். மறந்து விடலை, வேணும்னே விட்டேன். நீங்க மோட்டார்க்காரரு, எப்படியும் பாத்துருவீங்க, பாத்தா ஒரு வார்த்தை கேப்பீங்கன்னுதான் விட்டேன்."

அந்தப் பக்கம் அவன் கதவைத் திறந்து அந்தப் புள்ளையை உள்ள உக்கார வெக்கறான். கோகிலா நிறுத்தலை, இத்தனை வருசத்துல அவ இவ்வளவு வேகமாப் பேசி நான் கேட்டதில்ல. "அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? வெளிய வித்தா சட்டையைப் புடிப்பான், உங்கண்ணனுக்குக் குடுத்தா மூச்சு விட மாட்டாரு, நீ இங்கதானே இருக்கறேன்னாரு. என்ற அண்ணன் அப்படி இல்ல, கேப்பாருன்னு நான் சொன்னேன். பாக்கலாம்னாரு. ரெண்டு வருசமா நீங்க போன் பண்றப்ப எல்லாம் இன்னைக்குக் கேப்பாரு, இன்னைக்குக் கேப்பாருன்னு இருந்தேன். நல்லா இருக்கறயா கண்ணு, சாப்பிட்டயா கண்ணு, அவ்வளவுதான். நீங்க வெச்சப்பறம் அவரு என்னைப் பாத்துச் சிரிப்பாரு." "கோகிலா, நம்ம அய்யனுக்கு நடந்ததைப் பாத்தவன் நான். கோவத்துல உன்னை அனுப்பிச்சு விட்டுட்டான்னா?" இதைச் சொல்றப்ப என்ற குரல் எனக்கே கேக்கலை. அவ மெதுவாக் கேக்கறா, கோவமில்லாம, அதுதான் தாங்கலை. "அனுப்புனா எங்கீங்ணா அனுப்புவாரு? உங்க வீட்டுக்குத்தானே அனுப்புவாரு. அதுக்காங்ணா பயந்தீங்க?"

இல்லைன்னு சொல்லோணும். உடனே சொல்லியிருக்கோணும், கேள்வி முடியறதுக்கு முன்னாடி. ஒரு லாரி போகுது, தூசி கெளம்புது, நான் அந்த லாரி போகட்டும்னு நிக்கறேன். லாரி போயிருச்சு. எனக்குக் காது ரெண்டும் எரியுது, அவன்மேல இருந்த கோவத்துல பாதி எங்கியோ திரும்பிட்டு நிக்குது, எங்கன்னு தெரியும், பாக்கப் புடிக்கலை. "கதவு தொறந்துதான் இருக்கும் கண்ணு, எப்ப வேணும்னாலும் வா"ங்கறேன். லேட்டாத்தான் வந்துச்சு, அவளுக்கும் தெரியும் லேட்டுன்னு. அக்கட்ட கார் உறுமற சத்தம், அந்தப் புள்ளை சிரிக்கற சத்தம். "நான் போய்ப் பேசறேன், வெச்சர்றேன் கண்ணு." "வெக்காதீங்ணா." "ஏன்?" "வெக்காம அப்படியே சட்டைப் பாக்கெட்டுல போடுங்க. நான் கேக்கோணும்."

போனைப் பாக்கெட்டுல போடறேன். ரோட்டைத் தாண்டி நடக்கறேன். அவன் கார் ஜன்னல்ல முழங்கையை ஊனிட்டு, கியர் எப்படிப் போடறதுன்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டு இருக்கறான். என்னைப் பாத்து, "வாங்க மச்சான், டாக்டருக்குப் புடிச்சிருச்சு"ங்கறான். நான் ஜன்னலுக்குள்ள கைவிட்டு இஞ்சினை அணைக்கறேன். சாவியை எடுத்துக்கறேன். ரெண்டு பேரும் நிமிந்து பாக்கறாங்க. இஞ்சின் அணைஞ்சப்பறம் ரோடு அமைதியா இருக்குது, நெஞ்சுக்கு மேல போன் சூடா இருக்குது, அதுக்குள்ள மூச்சு விடற சத்தம்கூட இல்ல.

"ஏனுங் மாப்பிள்ளை, இந்த வண்டி எத்தனை நாளுங்க தண்ணிக்குள்ள நின்னுச்சு?"